உப்பு தேவையான அளவு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்துக் காலை. ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃபிளாட் சமையலறையில், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள், முன்பின் தெரியாத ஒரு மனிதரை மட்டம் தட்டி நான்கு வரி எழுதிப் போட்டேன். எழுதிவிட்டு அடுப்பை அணைத்தபோது மனசுக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. அந்த நான்கு வரிக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அதற்குப் பிறகு நடந்ததற்காகப் பெருமையும் படுகிறேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

நான் ஒரு சமையல் பிளாக் நடத்துகிறேன். என் கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் ஆரம்பித்தது அது. முழுக்க சைவம். மைதா கிடையாது, வனஸ்பதி கிடையாது, கடையில் வாங்கிய மசாலாப் பாக்கெட் கிடையாது. கம்பு, வரகு, கீரை, பயறு, இவைதான் என் ராஜ்ஜியம். கணவர் ஐடி வேலைக்காரர் என்பதால் பக்கத்தை அழகாக அமைத்துக் கொடுத்தார். மேலே முருங்கைக்கீரைக் கொத்து, அதன் கீழே ‘ஆரோக்கியச் சமையல்’ என்று பெரிய எழுத்து. வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் என் வரகுப் பொங்கலைச் செய்து சாப்பிட்டு அழுதுவிட்டதாகக்கூட எழுதியிருக்கிறார்கள். தலைக்கனம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வந்திருந்தது.

அந்த ஆடி மாதத்தில், ஒரு வாரமாக, ஒரே ஆளிடமிருந்து ஒரே கேள்வி வந்துகொண்டிருந்தது. படத்தில் முகம் இல்லை, இரும்பு கடைகிற ஒரு லேத் மிஷின் மட்டும். கீரைக்கூட்டின் கீழே, ‘உப்பு தேவையான அளவுன்னா எவ்ளோ?’ என்று கேட்டிருந்தார். மிளகு ரசத்தின் கீழேயும் அதே கேள்வி. வத்தக்குழம்பின் கீழேயும் அதேதான், இந்தத் தடவை இரண்டு கேள்விக்குறி போட்டிருந்தார்.

சமையல் குறிப்பு எழுதுகிற யாருக்கும் தெரியும், ‘உப்பு: தேவையான அளவு’ என்பது பட்டியலின் கடைசி வரி. பழக்கத்தில் கை தானாக எழுதிவிடும், அதை யாரும் படிப்பதுகூட இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தொங்கினால் வம்புக்கு வருகிறார் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன்.

நான் எழுதிய பதில் இது: “ஐயா, தேவையான அளவு என்றால் உங்கள் நாக்குக்குத் தேவையான அளவு. வாயில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள். அவர்களும் கைவிட்டுவிட்டால் தெருமுனை மெஸ் இருக்கவே இருக்கிறது.”

மாலைக்குள் அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி நின்றன. ‘செம பதில் மேடம்’ என்று பத்துப் பேர். அந்த லேத் மிஷின் படம் அதற்குப் பிறகு என் பக்கத்தில் தலைகாட்டவே இல்லை. ஆளை ஓட்டிவிட்டேன் என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து, அதே லேத் மிஷின் படத்திலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. எழுதியது ஒரு பெண்.

“அக்கா, அந்தக் கேள்வி கேட்டது எங்க ஊட்டுக்காரரு. ஊட்டுல கீற பொம்பளையக் கேளுன்னு எழுதியிருந்தீங்களே, அந்தப் பொம்பள நான்தான். படிச்சிட்டு நானே சிரிச்சிட்டேன். ஆனா அவரு அதுக்கப்பறம் உங்க பக்கத்தத் தொறக்கறதே இல்ல. எனக்கு உங்க சமையல் புடிக்கும்கா. எவ்ளோன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடுங்க.”

அதன் கீழே விவரம் எழுதியிருந்தாள். அம்பத்தூரில் வீடு. கணவருக்கு அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் வேலை. இவளுக்கு முந்தின வருடம் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. ஒரு நாள் முழுக்க இவ்வளவுதான் உப்பு என்று ஆஸ்பத்திரியில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அது மீறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், கால் வீங்கும், படுக்க முடியாமல் மூச்சு முட்டும். அதிக நேரம் நிற்க முடியாது என்பதால் சமையல் அவர் கையில். பயத்தில் அவர் மாதக்கணக்காக உப்பே போடாமல் கஞ்சியும் வேகவைத்த காயுமாகக் கொடுக்க, இவளுக்குத் தட்டைப் பார்த்தாலே வெறுத்துப் போய், பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாளாம். சாப்பிட்டு உடம்பு தேறினால்தான் மாத்திரை வேலை செய்யும் என்று டாக்டர் கடிந்துகொண்டாராம்.

அப்போதுதான் அவர் என் பக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். ‘ஆரோக்கியச் சமையல்’ என்று போட்டிருந்ததை நம்பி என் வத்தக்குழம்பைச் செய்திருக்கிறார். உப்பு தேவையான அளவு என்று இருந்ததால், தன் நாக்கில் வைத்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். மறுநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரி. இரண்டு நாள் அங்கேயே இருந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், என் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல், அளவை மட்டும் கேட்டிருக்கிறார். நான்தான் மெஸ்ஸுக்குப் போகச் சொன்னேன்.

அதை இரண்டு தடவை படித்தேன். உடனே பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால், எழுத ஒன்றுமில்லை. ஏனென்றால் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. இத்தனை வருடமாகக் கையால் அள்ளிப் போடுகிறேன், ஒரு நாள்கூட அளந்ததில்லை.

அன்றைக்கே என் தராசை எடுத்தேன். உப்பு ஜாடியைச் சமைப்பதற்கு முன் ஒரு தடவை, சமைத்த பின் ஒரு தடவை நிறுத்தேன். வத்தக்குழம்பு ஒரு பானை, அதை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். என் தராசு கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். மறுபடி நிறுத்தாலும் அதே எடைதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்க அனுமதித்த உப்பில் பெரும்பகுதி, என் ‘ஆரோக்கிய’ வத்தக்குழம்பின் ஒரு வேளைப் பங்கிலேயே இருந்தது. கூட்டு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் அதற்கு மேல். மைதாவை விரட்டினேன், வனஸ்பதியை விரட்டினேன், உப்பு என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. கணவர் தராசையும் என்னையும் பார்த்துவிட்டு, உப்பு ஜாடியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவளைப் போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பதினைந்து நாள் அவகாசமும் கேட்டேன். அவளுக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன அதே அளவு உப்பைக் காலையில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே என் ஒரு நாள் சாப்பாட்டைச் சமைத்துப் பழகினேன். முதல் நான்கு நாள் வாயில் வைக்க முடியவில்லை. என் கணவர் தயிரைக் கொட்டிக்கொண்டு தப்பித்தார். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. புளிப்பும் வறுத்த சீரகமும் பூண்டும் இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. கொதிக்கும்போது உப்பைப் போட்டால் அது குழம்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். இறக்கிவைத்துத் தட்டில் ஊற்றிய பிறகு மேலே துளி தூவினால், அந்தத் துளியே போதும். இட்லி மாவிலேயே உப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பதில் பச்சைப்பயறு தோசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கைக்காயெல்லாம் பையில் அடைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அம்பத்தூருக்குக் கிளம்பினேன். வானகரத்தில் ஒரு தள்ளுவண்டியில் கொய்யாக்காய் நன்றாக இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அதிலும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்த அந்த லேத்காரருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார், எனக்கு அதைவிடக் கூச்சம். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததும் கையை ஆட்டித் தடுத்துவிட்டார்.

“எங்க பட்டறையில ட்ராயிங்ல தேவையான அளவுன்னு எழுதினா ஒரு வேலையும் ஓடாதுக்கா. அந்தப் பழக்கத்துல கேட்டுகினே இருந்துட்டேன். வம்புக்கு இல்ல.”

சமையல் மேடையில் ஒரு மரக் குங்குமச் சிமிழ் இருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு வந்த சிமிழாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து, காலையில் எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, ஆஸ்பத்திரியில் சொன்ன அளவு உப்பை அதில் கொட்டி மூடி வைப்பது. அவளுக்கு அன்று எது செய்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். தீர்ந்தால் தீர்ந்தது. மூடியைத் திறந்து காட்டினார். சிமிழில் பாதிகூட இல்லை. இதை எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு பிரிப்பது என்பதைத்தான் அந்த மனிதர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மெலிந்துதான் இருந்தாள், வாய் மட்டும் ஓயவே இல்லை. பிளாக்கில் என் படத்தில் பார்த்த மூக்குத்தியை ஏன் போடவில்லை என்று முதல் கேள்வி. நானும் பேசிக்கொண்டே பயறை அரைத்தேன், தோசை வார்த்தேன், மதியத்துக்குச் சாம்பாரைக் கூட்டினேன். சாம்பார் கொதி வந்த நேரம், பேச்சு சுவாரசியத்தில் என் கை அலமாரியில் இருந்த பெரிய உப்பு ஜாடிக்குப் போய்விட்டது. பழக்கதோஷம். எடுத்த பிடியைப் போட்டே இருப்பேன். அவர் சட்டென்று சாம்பார்ப் பாத்திரத்தின் மேல் தன் உள்ளங்கையை நீட்டினார், ஆவி அடிப்பதைக்கூடப் பார்க்காமல்.

“அக்கா, கையி.”

அவ்வளவுதான் சொன்னார். என் கையில் இருந்த உப்பை ஜாடியிலேயே திரும்பக் கொட்டினேன். எல்லாம் தெரிந்துகொண்டு வந்தவள் நானே இப்படி என்றால், தெரியாமல் என் பக்கத்தைப் படிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஜாடியை எடுத்துப் போய்க் கூடத்தில் வைக்கச் சொன்னேன்.

மதியம் அவள் தட்டில் சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், தேங்காய் தூவி எலுமிச்சை பிழிந்த பீன்ஸ் பொரியல். சிமிழிலிருந்து கணக்காக எடுத்து மேலே தூவினேன். அவர் சாப்பிடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் கவளத்துக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதற்கும் சொல்லவில்லை. முருங்கைக்காயை எடுத்து உறிஞ்ச ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அவர் அந்தக் காலித் தட்டை எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இரவுக்கான எலுமிச்சை ரசமும் தயார். அதற்கு வேண்டிய உப்பைத் தனியாக ஒரு கரண்டியில் எடுத்து வைத்துவிட்டுச் சிமிழை மூடப் போனேன். அடியில் இன்னும் ஒரு சிட்டிகை இருந்தது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். அந்த வீட்டில் சிமிழில் மிச்சம் என்பது அதுவரை நடந்ததே இல்லையாம்.

“இன்னா பண்றது இத?” என்று அவர் கேட்டார், நிஜமாகவே புரியாமல்.

அவள் என் பையைக் காட்டினாள். கொய்யாக்காய். ஒன்றைக் கழுவி நான்காக வெட்டினேன். சிமிழில் இருந்த அந்தச் சிட்டிகையை அதன் மேல் தடவிக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக, அவசரமே இல்லாமல் மென்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாயிற்றாம் உப்புத் தொட்டுக் காய் தின்று. கடைசித் துண்டு முடிந்ததும் விரலைச் சப்பிக்கொண்டே அவரைப் பார்த்துச் சொன்னாள்.

“எவ்ளோ எவ்ளோன்னு கேட்டுகினு இருந்தியே. இந்தா, இதான் தேவையான அளவு.”

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை அவரிடமிருந்து, அவள் ஏறி நின்ற எடை மிஷினின் படம் வந்தது. முந்தின நாள் அவர் என்னிடம் சொன்ன எடையேதான். எடை ஏறவில்லை என்றால் உடம்பில் நீர் கோக்கவில்லை என்று அர்த்தம். வேறொன்றும் எழுதவில்லை, படம் மட்டும்தான். அதை இன்னும் என் போனில் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த வாரமே என் பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மறுபடி சமைத்து, நிறுத்து, உப்பின் அளவை எழுத ஆரம்பித்தேன். முடிக்க ஒரு வருடம் ஆனது. என் கிண்டல் பதிலை அழிக்கவில்லை. அதன் கீழேயே என் தவறையும், வத்தக்குழம்பில் எவ்வளவு உப்பு என்பதையும் எழுதினேன். சிரித்த பத்துப் பேரில் ஒருவர் தன் அப்பாவுக்கும் இதே நிலைதான் என்றும், கேட்க வெட்கப்பட்டு இருந்ததாகவும் எழுதியிருந்தார். இப்போது அம்பத்தூர்க்காரரே என் பக்கத்தில் வந்து, அளவு விட்டுப்போனால் முதல் ஆளாகக் கேட்கிறார். அவள் நன்றாக இருக்கிறாள், மூக்குத்தியைப் பற்றி இன்னும் விடவில்லை.

என் பிளாக்கைப் பாராட்டி யார் எது சொன்னாலும் எனக்குப் பிடிக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெருமை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வதென்றால், அந்தச் சிமிழின் அடியில் நான் மிச்சம் பிடித்த ஒரு சிட்டிகை உப்புதான். இன்றும் ஒரு குறிப்பை எழுதிக் கடைசி வரிக்கு வரும்போது என் கை நின்றுவிடுகிறது. யாரும் படிப்பதில்லை என்று நான் நினைத்த அந்த ஒரு வரிக்காகத்தான் ஒரு வீடே காத்துக்கொண்டிருந்தது.