எட்டுக் கிலோவும் ஒரு பேணி ஊலாங்கும்

தங்கைக்கு என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுப்பதற்கு நான் எட்டுக் கிலோ மெலிய வேண்டியிருந்தது. இரத்த வகை பொருந்தியிருந்தது. மற்றப் பொருத்தங்களும் சரியாக இருந்தன. என் நிறை மட்டுமே தடையாக நின்றது. இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல்தான் என்றும், நிறை இறங்கினால் அதுவும் இறங்கக்கூடும் என்றும் சொல்லி, வைத்தியர் இரண்டு மாதத் தவணை தந்தார். ஐம்பத்திரண்டு வயதுவரை நான் பெரிதாக எண்ணிப் பாராத என் உடம்பு, அன்று முதல் இன்னொருத்தியின் ஆயுளோடு கட்டுண்டுபோயிற்று.

தங்கை அப்போது இரண்டு வருடங்களாக, வாரத்தில் மூன்று நாட்கள் ஆசுபத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வந்தாள். வீட்டில் நாங்கள் இருவரும்தான். குசினி யன்னலில் நின்றால் உள்துறைமுகத்தின் கப்பல்கள் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தண்ணீர். அவளுக்குக் குடிக்க ஒரு நாளைக்கு அரை லீற்றர்தான் அனுமதி. காலையில் அதை ஒரு போத்தலில் அளந்து ஊற்றிவிடுவாள். மாலைக்கென்று இரண்டு மிடறு மிச்சம் பிடிப்பதற்காக மத்தியானம் முழுவதும் உதட்டை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

நான் சோற்றை ஒரு கைப்பிடியாகக் குறைத்தேன். தேங்காய்ப்பாலை விட்டேன்; பொரியலை விட்டேன். பக்கத்து வீட்டில் சூடைமீன் பொரிக்கும் மணம் வந்தால் யன்னலைச் சாத்தினேன். முதல் மூன்று கிலோ இறங்கியது. அதன் பிறகு தராசு அசைய மறுத்தது. அந்த வாரம்தான், கிண்ணியாவிலிருந்து வந்து என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியை ஒரு தகரப்பேணியைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய கணவர் கப்பல்களுக்கு மரக்கறி ஏற்றுகிறவர்.

“டீச்சர், ஒரு கப்பல்காரன் இவருக்குக் குடுத்தது. ஊலாங் எண்டு சீனத் தேயிலையாம். இதக் குடிச்சா ஊளைச்சதையெல்லாம் கரையுமாம்.”

பேணியைத் திறந்து பார்த்த தங்கை, “அக்கா, இது தேயிலையோ, ஆட்டுப் புழுக்கையோ?” என்று கேட்டாள். இலைகள் உண்மையாகவே அப்படித்தான் உருண்டு கிடந்தன.

எங்கள் ஊரில் தேத்தண்ணியைச் சாயத்தைக் கொண்டுதான் மதிப்பிடுவோம். கிளாசின் அடி தெரியும்படி ஊற்றிக் கொடுத்தால், வந்தவரை மதிக்கவில்லை என்று பொருள். ஊலாங்கின் மேல் கொதிநீரை ஊற்றியபோது வெளிர்மஞ்சள் நிறமே வந்தது. சாயம் இறங்கவில்லை என்று நினைத்து, இலையைக் கேத்தலில் போட்டு அடுப்பில் ஏற்றிக் கால் மணி நேரம் அவித்தேன். புகையிலைத் தண்ணீர்போலக் கறுத்தது. சீனியில்லாமல் நாளொன்றுக்கு எட்டுக் கிளாஸ் குடித்தேன். பசி செத்தது. விடியற்காலையில் நெஞ்சு படபடத்து விழிப்புத் தட்டியபோது, கொழுப்பு கரைகிறது என்று மகிழ்ந்தேன். எவ்வளவோ வாசித்தவள் நான்; ஆயினும் அந்தப் பேணியைப் பற்றி ஒரு வரி தேடி வாசிக்கத் தோன்றவில்லை.

தாகத்தோடு இருப்பவளின் முன்னால் எட்டுக் கிளாஸ் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய் மறைந்து நின்று குடித்தேன். மூன்றாம் நாள் பிடிபட்டேன்.

“களவாய்க் குடிக்கிறீங்களோ? நான் என்ன, பொலிசோ?”

“நீ பார்த்துக்கொண்டு இருக்க, என்னெண்டு குடிக்கிறது?”

“எனக்குத்தானே குடிக்கிறீங்கள்? தாங்கோ கேத்தலை. குடிக்க ஏலாட்டிலும் போடவாவது விடுங்கோ.”

அன்று முதல் தேத்தண்ணி போடுவது அவளுடைய வேலையாயிற்று. அவள் என்னைவிட அதிக நேரம் அவித்தாள். கறுக்கக் கறுக்க எனக்கு நல்லதென்று நம்பினாள். கிளாசை நீட்டுமுன் ஆவியில் முகத்தைப் பிடித்து ஒரு தரம் மூச்சை இழுப்பாள். அவள் பங்கு அவ்வளவுதான்.

தவணை நாளில் எட்டுக் கிலோவும் இறங்கியிருந்தது. இரத்த அழுத்தமோ ஏறியிருந்தது. மூன்று தரம் அளந்துவிட்டு வைத்தியர், “என்ன குடிக்கிறீங்கள்?” என்று கேட்டார். சொன்னேன். “உடனே நிப்பாட்டுங்கோ. மூண்டு கிழமையால வாங்கோ, பாப்பம்,” என்றார்.

பாடசாலையில் விடயத்தைச் சொன்னதும் கிண்ணியா ஆசிரியை தலையில் கைவைத்தார். “அவிச்சீங்களா? அல்லாஹ்! அது சும்மா சுடுதண்ணி ஊத்தி, கொஞ்சத்தில வடிச்சு எடுக்கிற சாமானாம் டீச்சர்.”

பேணி அலுமாரியின் மேல் ஏறியது. அந்த மூன்று வாரமும் தங்கை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், கேத்தலின் உட்புறத்தில் படிந்த கறையைச் சாம்பலால் தேய்த்தபடி, “என்ரை கையாலேயே கெடுத்துப்போட்டன்,” என்றாள். நான் மறுத்தேன். ஆனால் உள்ளூர நான் வேண்டிக்கொண்டதோ அதற்கு நேர்மாறானது: குற்றமெல்லாம் தேயிலையினுடையதாகவே இருக்கட்டும் என்று. அப்படியானால் மட்டுமே எங்களுக்கு வழி இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகும் அழுத்தம் இறங்கவில்லை. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இதயத்தின் சுவர் தடித்திருந்தது. பல வருடங்களாகவே எனக்குள் இரத்த அழுத்த நோய் இருந்திருக்கிறது. வைத்தியர் பேனையை மூடிவைத்துவிட்டு, “உங்களை ஒரு சிறுநீரகத்தோடை விட ஏலாது,” என்றார். நான் வாதாடினேன். இன்னும் ஐந்து கிலோ மெலிகிறேன் என்றேன். எது நடந்தாலும் என் பொறுப்பென்று எழுதித் தருகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்; கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ்ஸில் வரும்போது எதை முதலில் சொல்வது என்பதை மட்டும் தீர்மானித்தேன். தங்கை கேற்றடியில் நின்றாள்.

“தேத்தண்ணியால் இல்லை,” என்றேன். “எனக்கு முந்தியே இருந்திருக்கு. உன்ரை கையில் ஒரு பிழையும் இல்லை.”

அவள் முகம் முதலில் தெளிந்தது. அதன் பிறகே அந்தச் செய்தியின் மற்றப் பாதி அவளுக்கு விளங்கியது. கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு உள்ளே போனாள். கதிரையில் ஏறிப் பேணியை இறக்கினாள். கொதிநீரை ஊற்றி, அவிக்காமல், சற்றைக்கெல்லாம் வடித்தாள். எனக்கொரு கிளாஸ். தன் போத்தலில் மிஞ்சியிருந்ததன் அளவுக்கு, தனக்கு இரண்டு மிடறு. கிளாசின் அடி தெளிவாகத் தெரிந்தது.

சீனிப் போத்தலை என் பக்கம் நகர்த்தினாள்.

“இனிப் போடலாம்தானே அக்கா.”

நான் இரண்டு கரண்டி போட்டேன். கலக்க மட்டும் கை வரவில்லை. அவள்தான் கரண்டியை வாங்கிக் கலக்கினாள்.