முள் அசையாத கம்ப்யூட்டர்

ஜெனரேட்டர் இருமி நின்றதும் கம்ப்யூட்டர் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. காலையிலிருந்து அடித்த ஏலக்காய் லாட் கணக்கு அத்தனையும் போனது. எண்பதுகளின் கடைசி அது. போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் ஆபீஸ். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து பவர்கட் நேரத்தில் எல்லாம் இதே கதை. முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மதுரையில் மோட்டார் வைண்டிங், மலையில் எஸ்டேட் ஒயரிங், கொஞ்ச நாள் ஜீப்பில் கிளீனர் என்று திரிந்தேன். எங்கேயும் தரித்ததில்லை. பசிக்கிற நாளில்கூட விற்காமல் வைத்திருந்தது ஒரு டாங் டெஸ்டர். ஒயரை அறுக்காமல் அதன் வாய்க்குள் கவ்விப் பிடித்தால், எத்தனை ஆம்பியர் கரண்ட் ஓடுகிறது என்று முள் காட்டும். ஊரில் பலரிடம் அது கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு.

"ஜெனரேட்டரு தாங்க மாட்டேங்குது. எது ரொம்பக் கரண்ட்ட இழுக்குதுன்னு பாத்து வெரசாச் சொல்லுப்பா," என்றார் முதலாளி.

அந்த ஜெனரேட்டரில் ஓடியவை இரண்டுதான். ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர். பின்னால் ஜன்னல் இல்லாத ஹாலில் ட்யூப் லைட்டுகள். ஹாலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குவார்கள். பச்சைக் காய் தனி, வெளுத்ததும் வெடித்ததும் தனி.

முதலில் கம்ப்யூட்டரின் ஒயரைக் கவ்வினேன். முள் அசையவில்லை. மானிட்டர் ஒயரிலும் அசையவில்லை. பிறகு போர்டைத் திறந்து ஹாலுக்குப் போகும் ஒற்றை ஒயரைக் கவ்வினேன். முள் விறுவிறுவென்று ஏறியது.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் இழுக்கலீங்க. எல்லாம் லைட்டுதான்," என்றேன்.

பாதி ட்யூப்களைக் கழற்றச் சொன்னார். நானே ஏணி போட்டுக் கழற்றினேன். கடைசிச் சுவரோரம் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளின் தலைக்கு மேல் இருந்ததும் போனது. அவர் என்னிடம் காரணத்தை விசாரித்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பொட்டி நம்மளவிடத் தேவலத்தா. ஒண்ணுந் திங்காமச் சோலி பாக்குதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஏணியில் நின்றபடி சிரித்தேன்.

ஜெனரேட்டர் அதன் பிறகு நிற்கவில்லை. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த வாரமே ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வருஷம் தேவாரத்தில் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தேன். அவசரத்தில் மூன்று ஒயரையும் சேர்த்துக் கவ்விவிட்டேன். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முள் சைபரில் நின்றது. ஒரே ஒரு ஒயரை மட்டும் கவ்விப் பார்த்தேன். முள் எகிறியது.

போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒரே வாய்க்குள் இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். கம்ப்யூட்டரின் ஒயரில் இரண்டும் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. மோட்டாரின் இரைச்சலில் தனியாக நின்றிருந்தேன். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் காது மடல் சுட்டது.

மறுநாள் போடிக்குப் போனேன். கம்ப்யூட்டர் ஒயரிலும் மானிட்டர் ஒயரிலும் மேலுறையைக் கீறி, ஒற்றை ஒயரை எடுத்து, குறைந்த கரண்டும் முள்ளில் நன்றாகத் தெரியட்டும் என்று டெஸ்டர் வாயில் ஐந்து சுற்றுச் சுற்றி, காட்டியதை ஐந்தால் வகுத்தேன். பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து, நான் கழற்றிய ட்யூப்கள் இழுத்த அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மானிட்டரே அதில் கிட்டத்தட்டப் பாதி. முதலாளியிடம் சொன்னேன்.

"இதுக்குப் போயா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? இப்பத்தான் பெரிய ஜெனரேட்டர் வந்திருச்சுல்ல. ட்யூப மாட்டிட்டுப் போ," என்றார்.

பெரிய ஜெனரேட்டர் வந்தும் ட்யூப்கள் மூலையில்தான் கிடந்தன. மாட்டும்போது கடைசிச் சுவரோரம் வேறு ஒரு பெண் இருந்தார். பச்சைக் காயோடு வெளுத்த காயைக் கலந்துவிடுகிறார் என்று பேச்சியம்மாளுக்கு அடிக்கடி ஏச்சு விழுந்ததாம். கண் போய்விட்டது என்று அவரே சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டாராம்.

பேச்சியம்மாளைத் தேடிப் போனேன். சிலமலையில் ஒரு கடலைக்காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்தபடியே கேட்டவர் மெல்ல நிமிர்ந்தார். ஒரு களைச்செடியைக் கண்ணுக்கு நேரே தூக்கி, இலை இலையாகப் பார்த்தார்.

"அப்ப எனக்குக் கண்ணு போகலையா அப்பு?"

"இல்லக்கா. நாந்தான் வெளிச்சத்தக் கழட்டிட்டுப் போயிட்டேன்."

"கண்ணு போச்சுன்னு நெனச்சு, ஊசி கோக்கக்கூட மருமகளத்தான் கூப்பிடுறேன்," என்றார். திட்டுவார் என்று நின்றேன். அவர் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் உள்ளது இவ்வளவுதான். ஒற்றை ஒயரைக் கவ்வுங்கள். முள் அசையாவிட்டால் 'இழுக்கவில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். 'எனக்கு இன்னும் தெரியவில்லை' என்று சொல்லுங்கள். அதுவரை யாருடைய விளக்கையும் கழற்றாதீர்கள்.