காற்றுக்கு மட்டும்

மார்கழிப் பனியில் பாடி மேம்பாலத்துச் சிக்னலில் தினமும் அந்த அம்மாவைப் பார்ப்பேன். ஐம்பது வயதிருக்கும். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் ஜெபமாலை. வளைந்த ஹேண்டில்பார் வைத்த பழைய ரேஸ் சைக்கிள். மழை கொட்டினாலும் அதில்தான் வருவார். சிவப்பு விழுந்தால் ஒற்றைக் காலை ஊன்றி, குனிந்தபடியே நிற்பார்.

ஒருநாள் பக்கத்து ஆட்டோக்காரர் சிரித்தார். “இன்னாக்கா, இந்த வயசுல இப்படி குனிஞ்சிகினு போறியே, ஒரு ஸ்கூட்டி வாங்கக் கூடாதா?”

“பாலம் ஏறினா காத்து மூஞ்சில அடிக்கும். அதுக்குக் குனியறேன் நைனா. வேற எவனுக்கும் குனிஞ்சதில்ல.”

பச்சை விழுந்ததும் கியரைத் தட்டிவிட்டு லாரிகளுக்கு முன்னால் பறந்துவிட்டார்.

அன்று மேலாளர் அறைக்குள் நுழைந்தபோதுதான் கவனித்தேன், என் முதுகு தானாகவே வளைந்திருந்தது. அங்கே காற்றே அடிக்கவில்லை.