அக்கா திறந்து வைத்த கதவு

பெர்கனில் நான் குடியிருக்கும் கட்டிடத்தில் யாரும் யாரையும் படிக்கட்டில் சந்திப்பதில்லை. சந்தித்துவிடக் கூடாதே என்று, வெளியே கிளம்புமுன் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் பூட்டு திறக்கும். ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வந்த புதிதில் சிரித்த நானும் இப்போது குப்பைப் பையோடு அப்படித்தான் நிற்கிறேன். நார்வேக்காரர்கள் நல்லவர்கள். பனியில் வழுக்கி விழுந்தால் ஓடிவந்து தூக்குவார்கள், தூக்கிய கையோடு காணாமல் போய்விடுவார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஊலேயோடு இத்தனை வருடத்தில் நான் பேசிய மொத்தப் பேச்சும் "ஹெய்" என்ற ஒரே சொல்தான்.

இந்த ஊருக்குத்தான் சென்னை காசிமேட்டிலிருந்து என் அக்கா வந்திறங்கினாள். மாமா இறந்தபின் அந்த வீட்டில் அவள் தனி. பிள்ளைகளும் இல்லை. விசா விடுகிறவரை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், அவளைப் பழையபடி சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளோ ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"டேய் மணி, இன்னாடா ஊரு இது? மனுசங்கோ கீறாங்களா இல்லியா? டிக்கெட்ட மாத்திக் குடு, நா போறேன்."

சமாதானப்படுத்த ஃபியோர்டு பார்க்க அழைத்துப் போனேன். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே வந்து நிற்கும் இடம். உலகமே காசு கொடுத்துப் பார்க்கிற காட்சி. "கடலப் பாக்கறதுக்கா பஸ்ஸு ஏறி வந்தோம்?" என்றாள். இந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கவே கூடாது. எண்பதுகளில் எங்கள் வீட்டுச் சுற்றுலா என்பதே காசிமேட்டுக் கடலை விட்டுவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து மெரினாவுக்குப் போய் அதே கடலைப் பார்ப்பதுதான். வாரம் முழுக்க அலையோடு மல்லுக்கட்டிய எங்கள் நைனா, அதாவது அப்பா, அங்கே போய்க் கால் நனைத்துவிட்டு "நல்லா கீது" என்பார்.

அந்த நைனாதான் இறால் நன்றாகப் பட்ட ஒரு பருவத்தில் டிவி வாங்கினார். எங்கள் சந்துக்கே முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் என்றால் மத்தியானமே வாசல் நிறைந்துவிடும். யார் எங்கே உட்காருவது என்பதை முடிவு செய்பவள், அப்போது பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த என் அக்கா. பொடிசுகள் முன்னால், நெட்டைகள் சுவரோரம், மார்க்கெட்டிலிருந்து நேராக வருபவர்கள் கால் கழுவிவிட்டு ஜன்னலோரம். நாங்கள் பையன்கள் மூலையில் காமிக்ஸ் மாற்றிக்கொள்வோம். இறால் உரித்த கையோடு புரட்டியதால், எங்கள் காமிக்ஸில் குதிரையேறி வந்த துப்பாக்கி வீரர்கள் அத்தனை பேர் மேலும் கவிச்சி வாடை அடிக்கும். டிவியில் என்ன வந்தாலும் பார்த்தோம். விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் நெற்பயிருக்கு எப்போது யூரியா போடவேண்டும் என்று சொல்வார்கள். வயலையே பார்த்திராத கடல்காரர்கள் "அப்ப அடுத்த மாசந்தான் போடணும்" என்று கவலையோடு பேசிக்கொள்வார்கள். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டையைக்கூட ஒருவரும் எழுந்து போகாமல் பார்த்தோம்.

பெர்கனிலும் ஒரு ஞாயிறு வந்தது. இங்கே டிவியில் ஒரு விசித்திரம் உண்டு. ஓர் ஆற்றைக் காட்டுவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. மணிக்கணக்காக ஆறு ஓடும், கரையில் ஒருவர் சால்மனுக்குத் தூண்டில் போட்டு நிற்பார். அக்காவை அதன்முன் உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. வெளியே பத்துப் பதினைந்து ஜோடி செருப்பு. என் பனி பூட்ஸ், ஓட்டப் பயிற்சி ஷூ, குளியலறைச் செருப்பு வரைக்கும் இறைந்து கிடந்தன.

"யாருக்கா வந்துகீறாங்க?"

"யாரும் வரல. வாசல்ல செருப்பு கெடந்தாத்தான் உள்ள ஜனம் கீதுன்னு தெரியும். ஜனம் கீற வூட்டுக்குத்தான்டா ஜனம் வரும்."

அதே நேரம் ஊலே வந்து நின்றார். படிக்கட்டில் பொருள் வைக்கக்கூடாது, தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும், இது கட்டிட விதி என்று நார்வேஜிய மொழியில் மெதுவாக விளக்கினார். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து போனாள்.

"வா நைனா, உள்ள வா. லேட்டா வர்றியே, ஆறு அப்பவே ஓட ஆரம்பிச்சிடுச்சி. நீ நெட்டையா கீற, செவுத்தாண்ட குந்து."

ஊலே என்னைப் பார்த்தார். "உங்களை உட்காரச் சொல்கிறாள்," என்றேன். "வுர்ஃபோர்?" என்றார். ஏன் என்று கேட்கிறார். நான் சுவரைக் கை காட்டினேன். மனிதர் ஷூவைக் கழற்றி, சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். செருப்புக் குவியலில் தடுக்கிய மேல்வீட்டு இங்கிரிட் புகார் சொல்ல உள்ளே வந்தார். அவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அக்கா கானாங்கெளுத்தி வறுத்துக் கொடுத்தாள். ஊலே காரத்தில் கண்ணில் நீர் வழிய "தக்" என்று நன்றி சொன்னார். "காலைலேர்ந்து நின்னுகினு கீறான், ஒண்ணும் மாட்டல. இவன் வூட்ல ஒல வச்சாப்லதான்," என்று டிவியில் தெரிந்த தூண்டில்காரரைப் பார்த்து அக்கா சொல்லி முடிக்கவில்லை, தூண்டில் வளைந்தது. ஊலே கத்தியே விட்டார். கத்தியதற்காக ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர்களாகவே வந்தார்கள். அக்கா சிரித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மறுபடி டிக்கெட் பேச்சை எடுத்தாள்.

"இப்ப இன்னாக்கா கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்லடா. ஒங்க மாமா போனப்பறம் அங்க வூட்டுக் கதவ நா தொறக்கவேயில்ல. யாரும் வர்லியேன்னு அவங்க மேல கோச்சிக்கினு குந்தியிருந்தேன். இங்க பாஷ தெரியாதவனே வந்து குந்தறான். அங்கயும் தொறந்து வச்சிப் பாக்கறேன்."

"எல்லார் கைலயும் போன் கீது. யாருக்கா வருவாங்க?"

"வர்லன்னா ஒன்னாண்ட சொல்லி அழுவறேன்."

எனக்குத்தான் அழுகை வந்தது. அவளை அனுப்ப மனமில்லை, அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

அவள் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, வீடியோ அழைப்பில் வந்தாள். போனை வாசல் பார்க்க நிறுத்திவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் அதை என் டிவியில் பெரிதாகப் போட்டு, இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அங்கே தெரியும்படி என் போனை நிறுத்தினேன். திறந்த கதவு, அதற்கப்பால் காசிமேட்டு வெயில். ஓர் ஆடு போயிற்று. ஓர் ஆட்டோ போயிற்று. வெகுநேரம் ஒன்றுமே போகவில்லை. ஊலேயும் இங்கிரிட்டும் அவரவர் இடத்தில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எப்போது தொடங்கும்?" என்று ஊலே ரகசியமாகக் கேட்டார். தொடங்கிவிட்டது என்றேன்.

கடைசியில் காலிக் கூடையோடு ஒரு மீன்காரம்மா வாசலில் தயங்கி எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, கதவு தொறந்து கீது? போன்ல யாரு இந்த வெள்ளக்காரங்கோ?"

"நம்ம ஆளுங்கதான். உள்ள வாடி," என்றது அக்காவின் குரல்.

அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்தார். பெர்கனில் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த ஊலே, அவருக்கும் இடம் வேண்டுமே என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.