உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

ஊர்காவற்றுறையில் கம்பியூட்டர் திருத்துகிறவர் அவர். எதையும் தொடுவதற்கு முன், கடற்காற்றின் உப்புப் போக நல்ல தண்ணீரில் கை கழுவுவார்.

பெரிய டிவியோடு வயரால் பூட்டியிருந்த எங்கள் கம்பியூட்டரில், காசு கட்டிப் பார்க்கும் படங்கள் மட்டும் மங்கலாகவே ஓடின. உப்புப் பிடித்துவிட்டதென்று நான் இரண்டு முறை வயர் மாற்றியிருந்தேன். அவரோ கை கழுவிவிட்டு வந்து, ஒன்றையும் கழற்றாமல், அதில் ஒரு படத்தை என் போனில் போடச் சொன்னார். படத்தில் வந்த படகின் கயிறுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"உப்பு இல்லை அக்கா. போனிலை பதிய ஏலாது; கம்பியூட்டரிலை தெளிவா விட்டா நீங்கள் களவாப் பதிஞ்சு போடுவியள் எண்டு படம் விடுற கொம்பனிதான் மங்கலாக்கி விடுது."

"மாதாமாதம் காசு கட்டுற என்னையோ கள்ளி எண்டு நினைக்கிறாங்கள்?"

"ஓம் அக்கா. என்னையும்தான்."

போகும்போது மறுபடியும் கை கழுவினார். ஒன்றையுமே தொடாத மனிதர் எதைக் கழுவினார் என்று இன்றும் யோசிக்கிறேன்.