நீக்கப்பட்ட திரு

காலை பத்து நாற்பது. பள்ளி அலுவலக ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, நீல நிற கோட் போட்ட ஒரு பெண் கேட்டுக்குள் ஓடி வருவதை. அது ஷூ கம்பெனி கோட். முடி விழாமல் இருக்கப் போடும் வலைத்தொப்பி கழன்று பின்கழுத்தில் தொங்கியது. வாட்ச்மேன், "யாரும்மா அது, எங்க போற?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். அந்தப் பெண் திரும்பவில்லை.

அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் வரிசையின் முன்னால் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி கடைசி வரை நடந்தார். கடைசிக்கு முந்தைய ஜோடியில் இருந்தான் அவருடைய பையன். பக்கத்துப் பையனின் காலருக்குள் வேப்பிலைக் கொத்து ஒன்றைத் திணித்துக்கொண்டிருந்தவன், அம்மாவைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

"இன்னாம்மா? இன்னிக்கு லீவா?"

அவர் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு அதே கையால் அவனை இழுத்து வயிற்றோடு அழுத்திக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல. அவன்தான் மொதல்ல போட்டான்" என்று பையன் கோட்டுக்குள்ளிருந்து சொன்னது எனக்குக் கேட்டது.

நான் வெளியே வந்தேன். அவர் செல்போனை என்னிடம் நீட்டினார். திரையில் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழு. நான் பத்தேகாலுக்கு அனுப்பிய செய்தி. முதல் வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்:

மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் பலி.

"அதுக்கு மேல நான் படிக்கல சார்" என்றார்.

ஒரு நாளிதழின் வேலூர்ப் பதிப்பில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். அங்கிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆம்பூரில் இந்தக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளியில் நடப்பதைக் குடும்பங்களுக்குத் தெரியப்படுத்துவது என் பொறுப்பு. தேர்வு, மழை விடுமுறை, காய்ச்சல், தடுப்பூசி, யார் மதிய உணவை வீட்டில் விட்டுவிட்டு வந்தது, எல்லாம் அந்தக் குழுவில் போகும். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் இருக்கிறார்கள். அங்கே செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் தையல் லைனுக்குப் போக வேண்டும். பத்தேகாலுக்கு டீ. அப்போதுதான் போனைக் கையில் எடுப்பார்கள். அதனால் என் செய்திகளை நான் பத்தேகாலுக்கு அனுப்புவேன். இது நானே கண்டுபிடித்த ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒவ்வொரு மாதமும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடி, வாசகம் வாசித்து, கத்தோலிக்கர்கள் திருப்பலி என்று சொல்லும் கோயில் பூசையைச் சிறப்பிப்பார்கள். அன்று மூன்றாம் வகுப்பின் முறை. தலைமையாசிரியை சிஸ்டர் செய்தியை எழுதி வைத்துவிட்டு, கல்வி அலுவலகக் கூட்டத்துக்காகக் காலையிலேயே திருப்பத்தூர் போய்விட்டார். அவர் எழுத்தில் மரியாதை எப்போதும் கூடுதல். வரும் விருந்தினர்கள் எல்லோருக்கும் திரு, திருமதி, அவர்கள் எல்லாம் இருந்தன. பத்திரிகையில் நான் கற்ற முதல் பாடம், பெயருக்கு முன்னால் திரு கிடையாது என்பது. ஒவ்வொன்றாக அடிக்கப் பொறுமையில்லாமல், கணினியில் 'திரு' என்று வரும் இடத்தையெல்லாம் ஒரே கட்டளையில் எடுத்துவிட்டேன். திருமதிகள் மதிகள் ஆனார்கள். அதைப் பார்த்துச் சரிசெய்தேன். முதல் வரியில் 'ப்பலி' என்று ஓர் ஒற்று தொங்கிக்கொண்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து அந்த 'ப்'பை அழித்தேன்.

அவசரத்தில் படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். லாரி மோதிப் பலி, மின்னல் தாக்கிப் பலி, ஏரியில் மூழ்கிப் பலி என்று எத்தனையோ தலைப்பு போட்டவன். ஒற்றைப் பத்தி அகலத் தலைப்பில் 'உயிரிழப்பு' அடங்காது, 'பலி' அடங்கும். அந்த வரியில் என் கண்ணுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை.

அந்தப் பெண்ணைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். குழுவில் அந்தச் செய்தியை எல்லோருக்குமாக நீக்கினேன். திருப்பலி என்று சரியாகப் போட்டுப் புதிய செய்தி அனுப்பினேன். முந்தையது தவறு என்று அதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அதற்குள் சில அழைப்புகள் வந்தன. பெரும்பாலான கத்தோலிக்கக் குடும்பங்கள் தாங்களாகவே திருவைச் சேர்த்துப் படித்திருந்தன. "சார், திரு உட்டுப்போச்சு பாருங்க" என்று ஒருவர் மட்டும் எழுதியிருந்தார். செய்தியின் கீழ்ப்பகுதியில், பூசையில் அப்பம் வாங்கும் திருவிருந்தும் விருந்தாகியிருந்தது. ஓர் அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "சார், விருந்துன்னு போட்டிருக்கீங்களே, அப்ப மொத நாளே சொல்லுங்க சார், புள்ளைக்கு சோறு கட்டி வேஸ்ட்டாப் போவுது." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் கம்பெனிக்குத் திரும்பிப் போயிருந்தார்.

அன்று மாலை பழைய பத்திரிகையின் நிருபர் கூப்பிட்டார். என்னிடம் தொழில் பழகியவர்.

"இன்னாண்ணா, உங்க ஸ்கூல்ல ஏதோ கலாட்டாவாமே? புள்ளைங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு ஒரு லேடி ஓடியாந்துச்சாமே?"

"ஒண்ணும் இல்லப்பா. வதந்தி" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னதை அவர் சரிபார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள், புதன்கிழமை, அந்தப் பெண்ணே பையனைக் கொண்டுவந்து விட்டார். அவர் வழக்கமாக எட்டு மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். பையனைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து விடுவார். அன்று நீலக் கோட் இல்லை. புடவையில் இருந்தார்.

"கம்பெனிக்குள்ள விடல சார்."

"ஏன்?"

"கேட் பாஸ் இல்லாம ஓடிட்டேன்ல. செக்யூரிட்டிய வேற தள்ளிட்டேன். ஸ்கூல்ல இருந்து மெசேஜ் வந்துச்சுன்னு சொன்னேன். காட்டுன்னாங்க. போனத் தொறந்தா, செய்தி நீக்கப்பட்டதுன்னு நிக்குது. நான் பொய் சொல்றேன்றாங்க சார்."

நான் அவரோடு கம்பெனிக்குப் போனேன். வருகைப் பதிவைப் பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எனக்கு நாற்காலி போட்டார். அவர் மேஜையில் அன்றைய நாளிதழ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி: பள்ளி பற்றி வதந்தி, பெற்றோர் பதற்றம். நிர்வாகம் மறுத்துள்ளது என்று முடிந்திருந்தது.

"பேப்பர்லயே வதந்தின்னு போட்டிருக்கான் சார். நான் மேல இன்னா சொல்றது?"

"மெசேஜ் வந்தது உண்மை. நான்தான் அனுப்பினேன்."

"நீங்க சொல்றத நம்பறேன். ஆனா கேட் பாஸ் மட்டும் இல்ல சார் பிரச்சினை." அந்தப் பெண்ணைப் பார்த்தார். "கத்தரி எங்கம்மா இருந்துச்சு?"

"கோட்லயே தொங்கினு இருந்துச்சு சார். நான் பாக்கல. திரும்பி வந்து குடுத்துட்டேன்ல."

நூல் வெட்டும் சின்னக் கத்தரி. ஒவ்வொருவரின் கோட்டிலும் கயிற்றில் கட்டிக் கொடுப்பார்கள். மாலையில் எண்ணி வாங்குவார்கள்; நடுவில் யாராவது வெளியே போனாலும் எண்ணுவார்கள்.

"எக்ஸ்போர்ட் லைன் சார் இது. ஒரு கத்தரி கம்மியாச்சுன்னா பெட்டி பூரா பிரிச்சுத் தேடணும். நேத்து ஒரு மணி நேரம் லைன் நின்னுச்சு. இவ்ளோ பண்ணதுக்கு இதான் காரணம்னு நான் மேல காட்டணும் இல்ல? ஸ்கூல்லருந்து எழுதிக் குடுங்க. இன்னா மெசேஜ் போச்சோ அத அப்படியே போட்டு, சீல் வச்சு. சனிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. அன்னிக்கு வேலைய உட்டு எடுக்கற லிஸ்ட் மேல போயிடும், அப்புறம் இவங்க பேரு இருக்காது."

வெளியே வந்ததும் அந்தப் பெண் சொன்னார்: "எம் புள்ள வயித்துல இருந்தப்பவே நான் இங்கதான் சார். லைன்ல நான்தான் சீனியர். அடுத்த மாசம் சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு எம்பேரு குடுத்திருக்காங்க." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "குடுத்திருந்தாங்க" என்றார்.

சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நிருபரிடம் நான் சொன்னதைத் தவிர. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாவம் சார் அந்தப் பொண்ணு. ஆனா குழந்தைகள் பலின்னு எழுதி அதுக்குக் கீழ நம்ம ஸ்கூல் சீலா? நாளைக்கு அது யார் யார் கையில சுத்தும்? ஃபாதர் தியானத்துக்குப் போயிருக்காரு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்துடுவாரு. கேட்டுட்டுச் செய்வோம்."

"சனிக்கிழமைக்குள்ள கேக்கறாங்க சிஸ்டர்."

"ஒரு நாள் முன்ன பின்ன ஆனா ஒத்துக்க மாட்டாங்களா என்ன?"

நான் தலையாட்டினேன். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தே தலையாட்டினேன்.

சீல் சிஸ்டரிடம் இருந்தது. குழு என் கையில் இருந்தது. பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் போடுவோம். என்ன தவறாக வந்தது, எது சரி, இரண்டும் இருக்கும். அதைக் குழுவில் போட யாருடைய சீலும் வேண்டாம்; அந்தப் பெண் கம்பெனியில் காட்டவும் அது உதவும். வியாழக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதினேன். ஐந்து வரிதான். எழுதியதை அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

சிஸ்டரின் சொல்லை மீறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. குழுவில் இருக்கும் அப்பாக்களில் ஒருவர் அந்த நிருபரின் தம்பி. நான் வதந்தி என்று சொன்னது பொய் என்று நிருபருக்குத் தெரிந்துவிடும். ஒரு 'திரு'வை எடுக்கத் தெரியாமல் எடுத்தவன் என்று பழைய ஆபீஸில் பேசுவார்கள். டீக்கடையில் நின்று அவர்கள் இதை எப்படிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்றுகூட என்னால் கேட்க முடிந்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையும் அந்தப் பெண் பையனோடு வந்தார்.

"ஃபாதர் வந்துட்டாரா சார்?"

"ஞாயித்துக்கிழமை."

"சனிக்கிழமைன்னாங்களே சார் அவங்க?"

"நான் பேசறேம்மா."

பையன் அவர் கையை விடுவித்துக்கொண்டு ஓடினான். "நான் வூட்ல இருக்கறது இவனுக்குத்தான் சார் பேஜாரு. தெனம் ஹோம்ஒர்க் பாக்கறேன்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று கம்பெனிக்கு போன் செய்தேன். அதிகாரி மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி கூப்பிடவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரிடம் சிஸ்டரும் நானும் போய்ச் சொன்னோம். நான் எழுதி வைத்திருந்ததை அவர் அங்கி கூட மாற்றாமல் நின்றபடியே படித்தார்.

"இதுக்கா இத்தன நாளு? போடுங்க. சிஸ்டர், சீலும் வச்சுக் குடுத்துடுங்க."

கோயில் வாசலில் நின்றே அனுப்பினேன். திருத்தம்: செவ்வாய்க்கிழமை காலை இந்தக் குழுவில் 'மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் பலி' என்று வந்த செய்தி தவறானது. 'குழந்தைகள் திருப்பலி' என்று இருந்திருக்க வேண்டும். பிழை பள்ளி அலுவலகத்தில் நடந்தது. பின்னர் அந்தச் செய்தியை நீக்கியதும் அலுவலகமே. பெற்றோர் யாரும் வதந்தி பரப்பவில்லை.

நிருபர் அன்றே கூப்பிட்டார். எடுத்தேன். "அண்ணா, எங்கிட்டயே ரீல் உட்டீங்களே" என்றார். அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சீல் வைத்த தாளோடு அந்தப் பெண்ணும் நானும் டைம் ஆபீஸுக்குப் போனோம். அதிகாரி இரண்டு முறை படித்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கும்மா. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்" என்றார். என் பக்கம் திரும்பினார்.

"இத சனிக்கிழமை குடுத்திருக்கலாமே சார். பேரு எடுத்தாச்சு. கம்ப்யூட்டர்ல போயிடுச்சு, திருப்பிக் கொண்டாற முடியாது. வேலை வேணும்னா புது ஆளாச் சேத்துக்கறேன். அதே லைன்லயே போடறேன்."

"சூப்பர்வைசர்?" என்று கேட்டேன்.

"புது ஆளுக்கு எப்படி சார்?"

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. "சரி சார், எப்ப வர்றது?" என்று அதிகாரியிடம் கேட்டார். "இப்பவே போம்மா, லைன்ல ஆள் கம்மி" என்றார் அவர். போட்டோ எடுத்தார்கள். அச்சு இயந்திரத்திலிருந்து புது அடையாள அட்டை சூடாக வந்தது. அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். சேர்ந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது.