துளசியின் சைவச் சம்பல்

துளசி பொட்டலம் மடிக்கும்போது பேசமாட்டாள். பற்களுக்கிடையில் ரப்பர் வளையம் இருக்கும். தாளைச் சுருட்டி, வளையத்தை மாட்டி, பொட்டலத்தை ஒரு தட்டுத் தட்டி நீட்டிய பிறகுதான் வாய் திறப்பாள். "அண்ணே, சூடா இருக்கு. லைப்ரரிக்குள்ள தொறக்காதீங்க, என்னைத்தான் ஏசுவாங்க."

ஈப்போவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் நான் நூலக ஊழியன். அவள் கணக்கியல் மாணவி. ஊர் செமோர், அப்பா லாரி ஓட்டுகிறார். தொழில்முனைவுப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் ஒரு பருவம் முழுக்க எதையாவது விற்றே ஆகவேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது சைவ நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறு, கடலை, வெள்ளரி, கருவாட்டுக்குப் பதில் வறுத்த சோயாக் கட்டியான தெம்பே, தளர இடித்த மிளகாய்ச் சம்பல். பருவ முடிவில் நடுவர்கள் முன் நடக்கும் போட்டியில் வெற்றி பெற்றால் வளாக உணவகத்தில் நிரந்தரக் கடை.

முதல் வாரம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே விற்றாள். பயிற்சிதான் தலையை நிமிர்த்தியது. செய்வதற்கு முன் நாலு பேரிடம் கேள், எரிவாயுவையும் விலையில் சேர், வாங்குபவர் முகத்தைப் பார். இப்படிச் சொல்லிக்கொடுத்தவர் கனகராஜ், ஈப்போவில் உணவகம் நடத்துபவர். பயிற்சி, பட்டறை என்றாலே கிண்டலடிக்கிற நான் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேனே.

புரட்டாசி வந்ததும் விரதக்காரர்கள் அவள் மேசையை மொய்த்தார்கள். இரண்டாம் சனிக்கிழமை எல்லாம் விற்றுத் தீர்ந்தபின் இடிகல்லைக் கழுவ உட்கார்ந்தாள். மூக்கில் ஏறியது பெலாச்சான் வாசம். கூனியிறாலை இடித்துக் காயவைத்த கட்டி அது. இந்த நாட்டில் சம்பல் இடிக்கிற கை, கேட்காமலே அதைக் கிள்ளிப் போட்டுவிடும். வீட்டுப் பழக்கத்தில் இவள் கையும் போட்டிருக்கிறது.

அவள் போய்ச் சொன்னதும் கனகராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். "யாருக்கும் தெரியாதுலா. வாயத் தொறந்தீன்னா கடை ஹாபிஸ்மா, முடிஞ்சது."

"எனக்குத் தெரியுதே சார்."

அன்று மாலையே அவளிடம் வாங்குபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் குரல் வந்தது. "அண்ணே, அக்கா, இன்னைக்கி சம்பல்ல பெலாச்சான் போட்டுட்டேன். வேணும்னு இல்ல, கைப்பழக்கம். வெரதம் இருக்கிறவங்க திட்டுங்க, கேட்டுக்கறேன். அடுத்த சனிக்கெழமையும் வாரேன்."

வந்தாள். திட்டினார்கள். ரூபன் என்ற மாணவன், மாதம் முழுக்க விரதம் இருப்பவன், மேசை முன்னால் நின்று முகத்துக்கு நேரே கத்தினான். அவள் குனியவில்லை. அன்று பாதிப் பொட்டலங்கள் அப்படியே மிஞ்சின. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்றார்கள் கூடப் படிப்பவர்கள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது, இவ்வளவு வீம்பு எதற்கு என்று. ஆனாலும் வரிசையில் போய் நின்றேன். "புதுக் கல்லு அண்ணே, இதுல பெலாச்சான் பட்டதே இல்ல" என்றாள், கேட்காமலே.

இறுதிச் சுற்றுக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நடுவர்கள் மூவர், ஓரத்தில் கனகராஜ். துளசி நன்றாகப் பேசினாள், திரையில் விற்பனைக் கோடு ஏறுவதைக் காட்டினாள். அடுத்த பக்கத்தில் கோடு சடாரென்று விழுந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில், 'சைவம் என்று சொல்லிப் பெலாச்சான் விற்றேன்'.

நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இது எதுக்கும்மா? கடை வேணும்தானே? அடுத்த பக்கத்துக்குப் போங்க, இத நாங்க பாக்கலன்னு வச்சுக்கறோம்."

கனகராஜ் அவளைப் பார்த்துப் போ, போ என்று கையசைத்தார்.

துளசி பக்கம் மாற்றும் ரிமோட்டை நடுவரம்மாவின் மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு அந்த வரி அப்படியே தெரிந்த திரையின் பக்கத்திலேயே நின்றாள்.